பழைய டிராஸ்கோம்ப் லக்கர்: பல சீசன்களுக்குப் பிறகு தெரியவரும் நிறைகுறைகள்

இங்கிலாந்தின் நார்ஃபோக், எசெக்ஸ் கரைகளில் பாய்மரப் படகு ஓட்டுகிறவர்களுக்கு ஆழம்தான் முதல் கவலை. ப்ளேக்னி மாதிரியான துறைகளில் வற்றம் வந்தால் தண்ணீரே இருக்காது. படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். அங்கே செகண்ட் ஹேண்டில் சின்னப் படகு தேடுகிறவர்கள் பெரும்பாலும் டிராஸ்கோம்ப் லக்கரிடம்தான் வந்து நிற்பார்கள். 1960களில் ஜான் வாட்கின்சன் வடிவமைத்த படகு. நீளம் 5.7 மீட்டர், அகலம் 1.9 மீட்டர். பக்கவாட்டில் நழுவாமலிருக்கப் படகின் நடுவே தண்ணீருக்குள் இறக்கும் நடுத்தகட்டைத் தூக்கிவிட்டால் 25 சென்டிமீட்டர் தண்ணீர் போதும், இறக்கினால் 1.2 மீட்டர் வேண்டும். 1978இல் அமெரிக்கப் படகோட்டி வெப் சைல்ஸ் இந்தத் திறந்த படகில் சான் டியேகோவிலிருந்து உலகம் சுற்றக் கிளம்பியதைச் சொல்லித்தான் விற்பவர்கள் பேச்சை ஆரம்பிப்பார்கள். அதைக் கேட்டுவிட்டு நேராகப் படகுக்கு அடியில் குனியுங்கள்.

வாங்கப் போகிறவர்கள் மேலே உள்ள ஃபைபர் கிளாஸில் கீறல் தேடிக்கொண்டிருப்பார்கள். கீறல் பெரிய விஷயமில்லை, ஒரு வார இறுதியில் சரிசெய்துவிடலாம். பணத்தைத் தின்பது நடுத்தகடும் அது இருக்கும் கூடும்தான். தகடு நாகப்பூச்சு பூசிய இரும்பு. கூழாங்கல் தரையில் உரசி உரசி முதலில் கீழ் விளிம்பில் பூச்சு போகும், பிறகு துரு ஏறும். துரு, தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால் தகடு உப்பி, ஒடுங்கிய கூட்டுக்குள் இறுகிக்கொள்ளும். டிரெய்லரில் நிற்கும் படகில் இது தெரியாது, தகடு இறங்க இடமே இல்லையே! பட்டை போட்டுத் தூக்கியோ, பழைய டயர்கள்மேல் படகைச் சாய்த்தோ, தகட்டை முழுதாக இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால், இறங்காத தகடு என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

இறங்கியதும் பார்க்க வேண்டியது சுழலும் போல்ட். அதைச் சுற்றித் துரு செதில் செதிலாக உரிந்தால் துளை அகன்றிருக்கும். தகட்டை இருபக்கமும் ஆட்டினால் டக்டக் என்று கேட்கும். படகுக்குள் ஒரு சாண் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விட்டு, அடியில் போல்ட் இருக்குமிடத்தையும் ஏராவின் (படகின் அடிமரம்) ஓரங்களையும் தொட்டுப் பாருங்கள். கசிந்தால் வாஷர் மாற்றுவதோடு முடியலாம். கூடு விரிசல் விட்டிருந்தால் முடியாது. தகட்டைக் கழற்றித் துருவை மணல் வீச்சில் போக்கி மறுபடி சூட்டு நாகப்பூச்சு கொடுப்பது நல்ல வழி. ஆனால் பூச்சுத் தொட்டியின் சூட்டில் தகடு லேசாக வளையக்கூடும், திரும்பி வந்ததும் தட்டையான தரையில் கிடத்திச் சரிபார்க்காமல் மாட்டக் கூடாது.

நல்ல தகடும் சிக்கும். வற்றத்தில் தரையில் உட்காரும்போது சின்னக் கல் கூட்டுக்குள் நுழைந்துவிடும், மறு ஏற்றத்தில் படகு மிதக்கும், தகடு வராது. மேலிருந்து மரக்கட்டையால் தட்டலாம். அதைவிட, தகட்டின் பின் கீழ்முனையில் ஒரு துளை போட்டு மெல்லிய கயிறு கோத்துவைத்தால் வெளியிலிருந்தே பிடித்து இழுக்கலாம். பழைய படகில் அந்தத் துளையைப் பார்த்தால், முன்னால் வைத்திருந்தவருக்கு வேலை தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆழமற்ற நீருக்கான படகு என்ற பெயருக்கு உண்மையான இடைஞ்சல் சுக்கான். பல சின்னப் படகுகளில் தரை தட்டினால் சுக்கான் தானே பின்னுக்கு மடங்கும். லக்கரில் அது அமரத்தில் (படகின் பின்பகுதி) உள்ள துளை வழியாகச் செங்குத்தாக இறங்கும் இரும்புத் தகடு. தட்டினால் மடங்காது, முட்டி நிற்கும். அந்த அடியை வாங்குவது துளையின் ஓரங்கள். விரல் விட்டுத் தடவிப் பாருங்கள், பூசி மறைத்த பழைய விரிசல் கையில் தட்டும். ஓட்டும்போது நடுத்தகட்டை அரைகுறையாக, சுக்கானைவிடக் கீழே இருக்கும்படி வைத்துக்கொண்டால் தரை வந்ததை முதலில் சொல்வது அதுதான். சுக்கானைத் தூக்கிய பிறகு துடுப்பாலோ எஞ்சினாலோதான் திருப்ப முடியும்.

பாய் மூன்று: முன்பாய், பெரும்பாய், அமரத்தில் சின்னப் பாய். பெரும்பாய்க்குக் கீழே பருமல் (பாயைத் தாங்கும் குறுக்குக் கழி) கிடையாது, மண்டையில் இடிக்காது, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது பெரிய வரம். காற்று வலுத்தால் பெரும்பாயை இறக்கிவிட்டு மற்ற இரண்டிலும் சமாளிக்கலாம். அதற்குக் கொடுக்கும் விலை, காற்றை எதிர்த்து ஏறுவதில் இந்தப் படகு மந்தம். குட்டையான அலையில் திருப்பும்போது பாதியில் நின்றுவிடும். முன்பாயின் தாமானை (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு) உடனே விடாமல் எதிர்ப்பக்கம் காற்று பிடிக்கவிட்டால் அணியம் (படகின் முன்பகுதி) திரும்பிவிடும். தகடு மேலே இருந்தால் எதிர்க்காற்றில் போகும் எண்ணமே வேண்டாம், பக்கவாட்டில்தான் நழுவும்.

பாய்த்துணியைவிடத் தையல் முன்னதாகப் போகும். நகத்தால் நூலைக் கீறினால் அறுபடுகிற பாய் புதிதாக வாங்க வேண்டிய பாய். மரங்களில், பாய்மரத்தின் அடியிலும் பெரும்பாயின் மேல் பருமல் உரசும் இடத்திலும் கருப்பு ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். வார்னிஷ் மேல் கருப்பென்றால் சுரண்டலாம். பேனாக் கத்தி உள்ளே இறங்கினால் அழுகல்.

மிதப்புக்காக வைத்த நுரை ஈரம் குடித்திருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. எடைமேடையில் டிரெய்லரோடு ஏற்றி, டிரெய்லர் எடையையும் எஞ்சின், நங்கூரம் முதலியவற்றையும் கழியுங்கள். சுமார் 340 கிலோ வரவேண்டும். ஐம்பது, அறுபது கிலோ கூடினால் தண்ணீர் எங்கோ ஒளிந்திருக்கிறது. இது முக்கியம், ஏனென்றால் தண்ணீர் நிரம்பிய லக்கர் தாழ்ந்து மிதக்கும். தகட்டுக் கூட்டின் மேல்வாய் நீர்மட்டத்துக்குக் கீழே போனால் இறைக்க இறைக்க உள்ளே வரும். கூட்டின் வாயை அடைக்கும் அளவுக்குப் பழந்துணியோ பஞ்சுத் துண்டோ எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். காற்றின் வேகம் 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர்) ஆகும் முன்பே பாயைச் சுருக்குங்கள்.

எஞ்சின் 4 குதிரைத்திறன் போதும். அது உட்காரும் கிணற்றில் (எஞ்சின் இறங்கப் படகில் விட்ட துளை) முழுதாகச் சாய்கிறதா என்று கையால் சாய்த்துப் பாருங்கள். சாயாவிட்டால் சேற்றில் உட்காரும் ஒவ்வொரு முறையும் கழற்றி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிர்நீர்த் துளைகள் சேறடைத்து எஞ்சின் சூடேறும்.

கடைசியாக டிரெய்லர், இதைப் படகோடு வரும் இலவசம் என்று நினைப்பவர்கள் அதிகம். நெடுந்தூரம் ஓடிச் சூடான சக்கரக் குடத்தை நேராக உப்புத் தண்ணீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பேரிங் போவது இப்படித்தான். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள்; கரகரவென்று கேட்டால் விலையில் கழித்துவிட்டு, வீட்டுக்கு ஓட்டிப் போகும் முன்பே மாற்றுங்கள். அதற்குப் பிறகும் கரைக்குப் போனதும் குடத்தில் கை வைத்துப் பாருங்கள். சூடு ஆறட்டும், அதற்குள் பாய்மரத்தை நிறுத்திவிடலாம், ஒரு ஆள் போதும்.