கோதுமையும் கிரீமும் இல்லாத கிரேவி: எந்த மாவு, எந்தப் பால்?

சூப்பிலும் கிரேவியிலும் மைதா ஒரு வேலை செய்கிறது, கிரீம் வேறொரு வேலை செய்கிறது. மைதா நீரை இழுத்துப் பிடித்துப் பதம் தரும். கிரீமின் கொழுப்பு நாக்கில் வழவழப்பைத் தரும். இரண்டையும் விலக்கிவிட்டு ஒரே பொருளிடம் இரண்டு வேலையையும் வாங்க நினைக்கும்போதுதான் பெரும்பாலும் சொதப்புகிறது. எனவே மாவைத் தனியாகவும் பாலைத் தனியாகவும் தேர்ந்தெடுப்பது நல்லது.

மாவில் முக்கியப் போட்டி கார்ன்ஃப்ளாருக்கும் அரிசி மாவுக்கும்தான். 240 மி.லி. திரவத்துக்குக் கார்ன்ஃப்ளார் 1 டேபிள்ஸ்பூன் போதும். அதே பதத்துக்கு அரிசி மாவு ஏறக்குறைய 2 டேபிள்ஸ்பூன் வேண்டும். எதுவானாலும் குளிர்ந்த தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். கொதிக்கும் குழம்பில் மாவைத் தூவினால், மேல்பரப்பு நொடியில் வெந்து உள்ளே ஈரம் போக வழியில்லாமல் கட்டி தட்டிவிடும்.

கார்ன்ஃப்ளார் ஒரு கொதி வந்து ஒரு நிமிடத்தில் பளபளப்பாக இறுகும். அதோடு அடுப்பை அணைத்துவிடுங்கள். தொடர்ந்து கொதிக்கவிட்டு வேகமாகக் கிண்டினால், ஊறிப் பருத்த ஸ்டார்ச் துகள்கள் உடைந்து மறுபடி நீர்த்துப்போகும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ சேர்ந்து கொதித்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அதனால் புளிப்பைக் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு சேர்க்கலாம். அரிசி மாவு பச்சை வாசனை போக ஐந்து நிமிடமாவது சிறுதீயில் வேக வேண்டும். ஆனால் கொஞ்சம் கூடுதலாகக் கொதித்தாலும் சட்டென்று கைவிடாது. ஆறும்போது மேலும் இறுகும் என்பதால், வேண்டிய பதத்துக்குச் சற்று முன்பே இறக்கிவிட வேண்டும். வெள்ளை சாஸுக்கு இதுதான் சரி: 2 டேபிள்ஸ்பூன் எண்ணெயில் 2 டேபிள்ஸ்பூன் சலித்த அரிசி மாவை நிறம் மாறாமல் இரண்டு நிமிடம் வறுத்து, 240 மி.லி. வெதுவெதுப்பான பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கவும். சலிக்காத மாவு நறநறக்கும்.

உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சும் மரவள்ளி ஸ்டார்ச்சும் கொதிநிலைக்கு வெகு முன்பே இறுகிவிடும். கடைசி நிமிடத்துக்கு உதவும். மரவள்ளி அளவு மீறினால் இழைபோல நீளும். ஆனால் ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் உணவுக்கு அதுவே மேல். கார்ன்ஃப்ளார் சேர்த்தது உருகும்போது தண்ணீர் பிரிந்து நிற்கும்.

இனி பால். முந்திரிக்கே என் ஓட்டு. அதில் கொழுப்போடு ஸ்டார்ச்சும் இருப்பதால் சூட்டில் தானே இறுகும். புளிப்புக்கும் அவ்வளவாகத் திரியாது. 50 கிராம் முந்திரியைச் சுடுதண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, முதலில் குறைந்த தண்ணீரில் விழுதாக அரைத்து, பிறகு 250 மி.லி. வரை நீர் சேர்க்கவும். ஒரேயடியாக நீரை ஊற்றினால் துகள்கள் பிளேடுக்குச் சிக்காமல் ஓடும். குறை ஒன்று: கிண்டாமல் விட்டால் அடிபிடிக்கும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

தேங்காய்ப்பால் கொழுப்பில் முந்துகிறது, ஆனால் அதன் சுவையை மறைக்க முடியாது, நிறைவுற்ற கொழுப்பும் அதிகம். கொதித்தால் அதன் புரதம் இறுகி எண்ணெய் பிரியும். கடைசியில் ஊற்றி, ஓரத்தில் குமிழி வரும்போதே இறக்கவும். எப்படியும் கொதிக்கும் என்றால் 400 மி.லி.க்கு 1 டீஸ்பூன் கார்ன்ஃப்ளார் கரைத்துச் சேர்த்தால் பெரிதும் தாங்கும்.

சோயா பாலின் புரதம் பசும்பாலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இருந்தும் தக்காளி கிரேவியில் ஊற்றினால் தயிர்போலத் திரியும். டோஃபு செய்யும்போது வேண்டுமென்றே செய்வதும் இதைத்தான். காளான், உருளைக்கிழங்கு போலப் புளிப்பில்லாத சூப்புக்கு வைத்துக்கொள்ளலாம். ஓட்ஸ் பாலை வீட்டில் செய்தால் சூட்டில் கொழகொழக்கும். ஓட்ஸில் கோதுமை கலந்திருக்க வாய்ப்பும் உண்டு, குளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) இல்லை என்று அச்சிட்ட பாக்கெட்டே எடுக்க வேண்டும் (பல நாடுகளில் அதற்கான வரம்பு கிலோவுக்கு 20 மி.கி.). அப்படியும் சீலியாக் (குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) உள்ளவர்கள் சிலருக்கு ஓட்ஸே ஒத்துக்கொள்ளாது.

அன்றாட காய்கறி சூப்புக்கு, 500 மி.லி.க்கு 1 டேபிள்ஸ்பூன் அரிசி மாவும் 25 கிராம் முந்திரி விழுதும் சேர்ப்பது தனித்தனியாக எதையும் விட நன்றாக வரும். கொட்டைகள் ஆகாதவர்கள் முந்திரிக்குப் பதில் 40 கிராம் மசூர் பருப்பைக் குழைய வேகவைத்து அரைத்துச் சேர்க்கலாம். வழவழப்பு குறையும், புரதம் கூடும்.

கால்சியத்துக்கு இவற்றை நம்ப முடியாது. வீட்டில் அரைத்த முந்திரிப்பாலில் அது மிகக் குறைவு. கடைப் பாலில் சேர்த்திருந்தால் லேபிளில் 100 மி.லி.க்கு 120 மி.கி. அளவில் இருக்கிறதா பாருங்கள். சேர்த்த கால்சியம் அடியில் படியும் என்பதால் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். சூப் கியூபையும் சோயா சாஸையும் லேபிள் பார்க்காமல் போடாதீர்கள்: சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு, கியூபில் பால் பொடியும் இருக்கலாம்.