ஆர்.வி. கடையில் பேட்டரி மாற்றினால், வண்டியை எடுக்கும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

ஹூஸ்டன் பக்கம் டிராவல் ட்ரெய்லர் (டிரக்குக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி, ஆர்.வி.யில் ஒரு வகை) வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. கார்டு கம்பெனியில் என் புகார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தவிர, எனக்கு நடந்தது எந்த ஆர்.வி. கடையிலும் நடக்கக்கூடியதுதான்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு டெக்சஸின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போவதாக ஏற்பாடு. எங்கள் ட்ரெய்லரில் இருந்தவை இரண்டு 6 வோல்ட் கோல்ஃப் கார்ட் பேட்டரிகள். இரண்டையும் சீரீஸில் கோத்தால் 12 வோல்ட். வயதாகிவிட்டதால் சார்ஜ் நிற்கவில்லை. ஒவ்வொன்றும் முப்பது கிலோவுக்குப் பக்கம். என் முதுகுக்கு அது ஆகாது என்று கடையில் விட்டேன். இருப்பது எதுவோ அதே வகையைப் போடச் சொல்லி, வேலைச் சீட்டில் எழுதியும் வாங்கிக்கொண்டேன்.

எடுக்கப் போனபோது கவுன்டரில் இருந்தவர் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்தார். பேட்டரி போட்டாயிற்றாம், ஆனால் சோதித்துப் பார்த்தால் கன்வெர்ட்டர் செத்துவிட்டதாம். பழைய வண்டி, இதெல்லாம் சகஜம், 640 டாலரில் முடித்துத் தருகிறேன் என்றார். கன்வெர்ட்டர்தான் வெளிக் கரண்டை 12 வோல்ட்டாக மாற்றி, உள்ளே விளக்குகளுக்குக் கொடுத்து, பேட்டரியையும் சார்ஜ் செய்வது. கடையில் விட்ட அன்று காலை வரை அது ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. பேட்டரிக்கு மட்டும் பணம் கட்டிவிட்டு வண்டியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் ஃபியூஸ் பெட்டியைத் திறந்ததும் விஷயம் விளங்கியது. ஓரமாகத் தனியே இரண்டு 40 ஆம்ப் ஃபியூஸ்கள், பக்கத்தில் ‘ரிவர்ஸ் போலாரிட்டி’ என்று அச்சடித்திருக்கிறது. பேட்டரியை யாராவது பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டினால், கன்வெர்ட்டரைக் காப்பாற்றுவதற்காக உயிரை விடுவதுதான் அவற்றின் வேலை. இரண்டுமே கருகியிருந்தன. சில டாலருக்குப் புது ஃபியூஸ் வாங்கிப் போட்டு, வெளிக் கரண்டில் மாட்டி, மீட்டரை வைத்தால் 13.6 வோல்ட். செத்துப்போன கன்வெர்ட்டர் பிழைத்துக்கொண்டது!

எப்படி மாற்றி மாட்டியிருப்பார்கள் என்பதும் ஊகிக்க முடிந்ததே. காரில் கறுப்பு ஒயர் என்றால் மைனஸ். நிறைய ட்ரெய்லர்களில் வீட்டு ஒயரிங் வழக்கப்படி கறுப்புதான் பிளஸ், வெள்ளை மைனஸ். கார் வேலை பழகிய கை நேராகக் கறுப்பை மைனஸில் கொண்டுபோய் மாட்டும், ஒரு பொறி பறக்கும், ஃபியூஸ் போகும். கைத்தவறு யாருக்கும் வரும். அதை மூடி மறைத்து, என் தலையில் 640 டாலர் கட்டப் பார்த்தார்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அதற்கு மேல் நம்பிக்கை போய், ட்ரெய்லர் மூக்கில் இருக்கும் பேட்டரிப் பெட்டியையும் திறந்தேன். உள்ளே இருந்தவை இரண்டு 12 வோல்ட் மரைன் பேட்டரிகள். பில்லில் ‘டீப் சைக்கிள்’ (ஆழமாக இறக்கி ஏற்றத் தாங்கும் வகை) என்று இருக்கிறது. லேபிளிலோ ‘ஸ்டார்ட்டிங் / டீப் சைக்கிள்’, கீழே பெரிதாக, எஞ்சினைக் கிளப்பும் திறனைச் சொல்லும் கிராங்கிங் ஆம்ப் எண். படகு எஞ்சினைக் கிளப்பவும் வேண்டும், கொஞ்சம் விளக்கும் எரிய வேண்டும் என்பவர்களுக்கான இரண்டுங்கெட்டான் சரக்கு இது. தகடு மெல்லியது, ஆழமாக இறக்கி ஏற்றினால் சீக்கிரம் போய்விடும். பக்கத்தில் இருந்த தேதி ஸ்டிக்கரில் எழுத்து மாதத்தையும் எண் வருடத்தையும் குறிக்கும், ஏ என்றால் ஜனவரி. அந்தக் கணக்கில் ஒரு வருடத்துக்கு மேல் கடை அலமாரியில் தூங்கிய பேட்டரிகள். பழைய பேட்டரிகளைத் தாங்களே வைத்துக்கொண்டு, பழையதைத் திருப்பித் தராதவர்களிடம் வாங்கும் கோர் டெபாசிட்டையும் பில்லில் பிடித்திருந்தார்கள். அது சில்லறை விஷயம், விடுங்கள்.

இந்த மாற்றம் எங்கே கழுத்தை அறுக்கும் என்றால், பிக் பெண்டில் நாங்கள் இடம் போட்டிருந்த காட்டன்வுட் கேம்ப்பில் மின் இணைப்பு கிடையாது, ஜெனரேட்டரும் போடக்கூடாது. டிசம்பர் இரவில் ஹீட்டர் புரொப்பேனில் எரிந்தாலும் அதன் ஃபேன் பேட்டரியில்தான் ஓடும், 7 ஆம்ப் இழுக்கும். பாதி நேரம் ஓடினாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 42 ஆம்ப்-அவர் (ஆம்ப்பை ஓடிய மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு). ஃபிரிட்ஜ் போர்டு, கேஸ் அலாரம், விளக்கு எல்லாம் சேர்த்து 55 வைத்துக்கொள்ளுங்கள். கோல்ஃப் கார்ட் ஜோடி சுமார் 220 ஆம்ப்-அவர்; பாதிக்குக் கீழே இறக்காமலே இரண்டு இரவு தாங்கும். எனக்குப் போட்டுக் கொடுத்த ஜோடி, புதிதாக இருந்தாலே 150 சொச்சம். இரண்டாம் நாள் விடியற்காலையில் வோல்டேஜ் விழும், ஃபேன் மெதுவாகும், ஹீட்டருக்குள் காற்று வேகத்தைப் பார்க்கும் செயில் சுவிட்ச், வேகம் போதாமல் இணைப்புக் கொடுக்காது, தீ பற்றாது. குளிர்காற்றை மட்டும் ஊதிக்கொண்டே மிச்சப் பேட்டரியையும் தின்னும். கேஸ் அலாரம் கீச்சிட்டுப் பிள்ளைகளை எழுப்பும்.

இதையெல்லாம்விட மோசமானது பெட்டிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த ஒரு மெல்லிய ஒயர். நுனியில் ரிங் டெர்மினல், எதிலும் மாட்டப்படவில்லை. பிரேக்அவே சுவிட்சின் ஒயர் அது. ஓடும்போது ட்ரெய்லர் கழன்றுவிட்டால், கேபிள் இழுபட்டு ஊசி பிடுங்கி, ட்ரெய்லரின் சொந்தப் பேட்டரியிலிருந்து எலக்ட்ரிக் பிரேக் பிடிக்க வேண்டும். அந்த ஒயர் பேட்டரி பிளஸ்ஸில் நேரடியாக இருக்க வேண்டும், பேட்டரியைத் துண்டிக்கும் டிஸ்கனெக்ட் சுவிட்ச் வழியாகப் போகக்கூடாது. மூன்று டன் ட்ரெய்லரைக் கடையிலிருந்து வீடு வரை ஐ-10 நெடுஞ்சாலையில் அது இல்லாமலே இழுத்து வந்திருக்கிறேன். சோதிப்பது சுலபம்: டிரக்கிலிருந்து ஏழு-பின் பிளக்கைக் கழற்றுங்கள், ஊசியை உருவுங்கள், டிரக்கை மெல்ல முன்னே நகர்த்துங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ள வேண்டும். பார்த்ததும் ஊசியைத் திரும்பச் செருகிவிடுங்கள், நேரமானால் பிரேக் காந்தம் சூடாகும். கடை வாசலிலேயே செய்யலாம்.

கடைசியில் பக்கத்து வீட்டுத் தம்பியைத் தூக்கச் சொல்லி நானே மாற்றினேன். முதலில் வெளிக் கரண்டைப் பிடுங்கி, கேஸை மூடி, சோலார் பேனலின் இணைப்பைக் கன்ட்ரோலரிலிருந்து கழற்றினேன். பேனல் மாட்டியிருக்கும்போது பேட்டரியை உருவினால் சில கன்ட்ரோலர்கள் கெட்டுப்போகும். ஒவ்வொரு ஒயரையும் போட்டோ எடுத்து டேப் ஒட்டினேன். மோதிரம், வாட்ச் வேண்டாம். கண்ணாடியும் கையுறையும் வேண்டும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மைனஸ் சேஸிஸோடு இணைந்திருப்பதால், அதைக் கழற்றாமல் பிளஸ்ஸில் ஸ்பானர் போட்டு அது இரும்புச் சட்டத்தில் பட்டால் ஷார்ட்தான், ஸ்பானரே வெல்டாகி ஒட்டிக்கொள்ளும். கடைசி ஒயரைத் தொடுமுன் மீட்டரில் பிளஸ் மைனஸ் ஒருமுறை பார்த்தேன். திரவ பேட்டரி ஹைட்ரஜன் விடும் என்பதால் பெட்டியின் காற்றுத் துளைகளில் இருந்த குளவிக்கூட்டையும் சுரண்டி எடுத்தேன்.

கடை மேனேஜரிடம் ஃபியூஸ், லேபிள், தொங்கும் ஒயர் மூன்றின் போட்டோவையும் அனுப்பினேன். அடுத்த முறை வரும்போது கழித்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அடுத்த முறையா! டெக்சஸின் ஏமாற்று வணிகச் சட்டப்படி வழக்குக்கு 60 நாள் முன்னால் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கொடுத்தாயிற்று. 20,000 டாலர் வரை, சிறு தொகை வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டில் வக்கீல் இல்லாமலே போகலாம். வேலைச் சீட்டு, பில், கன்வெர்ட்டருக்குக் கொடுத்த மதிப்பீடு மூன்றும் என்னிடம் இருக்கின்றன. அந்த மரைன் பேட்டரிகள் இரண்டும் கராஜில் கிடக்கின்றன. பணம் வந்ததும் அவர்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும்.