வால்பாறை மலைச்சாலை: பதினோரு வருடம் ஏறி இறங்கிய அனுபவம்

போன வாரம் பைக்கின் முன் சக்கர பிரேக் பேட் மாற்றினேன். மெக்கானிக் பழையதைக் கழற்றிக் கையில் கொடுத்தார். ஒரு பக்கம் தேய்ந்து தகடே தெரிந்தது. "மலை ஏறி எறங்குற வண்டிங்கண்ணா, இப்படித்தான் தேயும்" என்றார். அன்று ராத்திரியே கோவை நண்பன் போன் செய்தான். புதுக் கார் எடுத்திருக்கிறான், குடும்பத்தோடு வால்பாறை வரலாமா, ரோடு எப்படி என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 64 கிலோமீட்டர். ஆழியாறு வரை தென்னந்தோப்புகளுக்கு நடுவே சமவெளி, அதில் சொல்ல ஒன்றுமில்லை. அணையைத் தாண்டி, செக்போஸ்டைக் கடந்த பிறகுதான் சாலையே ஆரம்பிக்கிறது. 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை இருக்கும்.

இந்தச் சாலையைப் போட்டவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஒன்பதாவது வளைவில் இருக்கும் காட்சிமுனைக்கு, பாதை அமைத்த பொறியாளர் லோமின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அங்கே நின்று கீழே பார்த்தால் ஆழியாறு அணைத் தண்ணீரும் நாம் ஏறி வந்த வளைவுகளும் அடுக்கடுக்காகத் தெரியும். அது தேயிலைக்காகப் பிறந்த பாதை. 1890களின் கடைசியில் கார்வர் மார்ஷ் போன்ற தோட்டக்காரர்கள் காட்டை அழித்துத் தேயிலை போட்டார்கள். கவர்க்கல்லில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஆனால் மூட்டை சுமந்து நடந்தே மலையேறிய தொழிலாளிகளை நினைக்காமல் அந்தச் சிலையை என்னால் கடக்க முடிவதில்லை. என் பாட்டியும் அப்படி ஏறி வந்தவர்தான்.

சாலையின் அருமை ஏறும்போதுதான் தெரியும். சரிவு எங்கேயும் திடீரென்று தூக்காது. வளைவுக்கு முன்னாலேயே இரண்டாவது கியருக்கு வந்துவிட்டால் வண்டி முனகாமல் திரும்பும். அட்டகட்டி தாண்டினால் காற்று குளிரும், கவர்க்கல்லில் பனி மூடும். வழியில் வரையாடுகள் சாலையோரச் சுவரில் ஏறி நிற்கும். ஊருக்குப் பக்கத்தில் புதுத்தோட்டத்தில், சிங்கவால் குரங்குகள் அடிபடாமல் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். பதினோரு வருடமாகப் பார்த்தும் எனக்கு இது எதுவும் சலிக்கவில்லை.

எனக்கு ஆத்திரம் வருவது ஒரே விஷயத்தில்தான். இறங்குகிற வண்டிகள் வழி விடுவதில்லை. மலைச்சாலையில் இரண்டு வண்டிக்கு இடம் போதாத இடத்தில், இறங்குகிற வண்டி நின்று ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். இது 1989 சாலை விதிகளிலும் உண்டு, 2017இல் வந்த புது விதிகளிலும் உண்டு. இறங்குகிறவன் நின்றால் மறுபடி பிரேக்கை விட்டாலே வண்டி நகரும். பாரத்தோடு ஏறுகிறவன் வளைவில் நின்றுவிட்டால் கிளட்ச் கருகும், வண்டி பின்னால் வழுக்கும்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதின்மூன்றாவது வளைவு. அரசு பஸ் ஏறிக்கொண்டிருந்தது, பின்னால் நானும் மனைவியும் பைக்கில். மேலேயிருந்து ஒரு கார் அகலமாக வளைத்து வந்து பஸ்ஸின் மூக்குக்கு நேராக நின்றது. பஸ் நின்றது, அப்புறம் இரண்டு சாண் பின்னால் வந்தது. மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். கண்டக்டர் குதித்து ஓடிவந்து பின் சக்கரத்துக்கு அடியில் கல் வைத்தார். அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். கார்க்காரர் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை, ஹாரன்தான் அடித்தார். அந்த பஸ்ஸில் ஐம்பது பேராவது இருந்திருப்பார்கள்.

எல்லாரும் அப்படி இல்லை என்பதும் உண்மைதான். கேரளப் பக்கமிருந்து மளுக்கப்பாறை வழியாக வரும் லாரிக்காரர்கள் பலர், மேலேயே ஒதுங்கி நின்று கையைக் காட்டி நம்மை ஏறச் சொல்வார்கள். வெளியூர்க்காரர்கள் சிலருக்கு விதி தெரியாது, யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவும் மாட்டார்கள். சரி. ஆனால் அந்தக் கல்லை நினைத்தால் எனக்கு இந்த நியாயமெல்லாம் பேச வரவில்லை.

இவ்வளவு நல்ல சாலையைப் பற்றிக் கேட்ட நண்பனிடம், "காரில் வராதே" என்றுதான் சொன்னேன். அவனுக்கு வருத்தம்தான். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் விடியற்காலை பஸ்ஸைப் பிடி, ஜன்னலோரம் உட்கார், குழந்தைகளுக்கு வாந்தி வந்தால் ஒரு பாலித்தீன் பை போதும், ஆனால் அதை வெளியே வீசாதே என்றேன். ஊருக்குள் நுழைந்ததும் போன் செய், நான் வந்து கூட்டிப்போகிறேன்.