பூட்டிவிட்டுப் போன கணினியைத் திறந்து மோசடி செய்தார்கள்: வாடகை இருக்கையில் வேலை செய்வோர் கவனத்திற்கு

சென்னையில் பகிர்வு அலுவலகங்களில் கணினியோடு கூடிய இருக்கையை மாத வாடகைக்கு எடுத்துத் தொழில் நடத்துவோர் பெருகிவிட்டார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். சிறு வியாபாரிகளுக்குக் கணக்கெழுதி, ஜிஎஸ்டி படிவங்களைத் தாக்கல் செய்து தருவது என் தொழில். நான் இருக்கை எடுத்திருந்த இடத்தின் பொய்யான உறுதிமொழியால் என் வாடிக்கையாளர் ஒருவர் 38,000 ரூபாயை இழந்து நிற்கிறார்.

ஒப்பந்தத் தாளில் ‘ஒவ்வொரு இருக்கைக்கும் தனிக் கடவு எண்’ என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த எண்ணை நானே மாற்றிக்கொள்ள முயன்றபோது கணினி அனுமதிக்கவில்லை. மேலாளரிடம் கேட்டதற்கு, பராமரிப்புப் பணிக்காக அந்த வசதியை நிறுத்தி வைத்திருப்பதாகவும், என் எண் எனக்கும் அவருக்கும் தவிர வேறு எவருக்கும் தெரியாது என்றும் சொன்னார். இருக்கையை விட்டு எழும்போதெல்லாம் விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டுவது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். அன்றும் அப்படிப் பூட்டிவிட்டுத்தான், கூரியர் வந்திருக்கிறது என்று அழைத்ததால் வரவேற்பறைக்குச் சென்றேன்.

அது மாதாந்தர ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர் 3பி படிவத்தின் கடைசி நாளான 20ஆம் தேதி நெருங்கிக்கொண்டிருந்த நேரம். நான் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தபோது யாரோ என் கணினியைத் திறந்து, அதில் இயங்கிக்கொண்டிருந்த வாட்ஸ்அப் வெப் வழியாக என் வாடிக்கையாளருக்கு, சலான் கட்ட நேரமில்லை, இந்த யுபிஐ எண்ணுக்குப் பணம் அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். பிறகு அந்தச் செய்தியை என் பக்கத்தில் மட்டும் அழித்துவிட்டார்கள். ஆகவே என் கைப்பேசியிலும் அது தென்படவில்லை. பணம் வந்து சேர்ந்ததா என்று அவர் மாலையில் கேட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. பல ஆண்டுகளாக என்னை நம்பிக் கணக்குப் புத்தகத்தையே ஒப்படைத்திருக்கும் மனிதர் அவர். அவருக்கு இப்படி நேர்ந்ததை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

உடனே அவரை 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கச் செய்தேன். தொகையில் ஒரு பகுதியை வங்கியில் முடக்கி வைத்தார்கள். மீதி அதற்குள் வேறு கணக்குகளுக்குப் போய்விட்டது. இத்தகைய மோசடியில் நேரமே பணம் என்பதால், புகாரை எழுதி முடித்துவிட்டு அழைக்கலாம் என்று காத்திராமல், முதலில் அந்த எண்ணை அழைத்துவிடுவது நல்லது.

பூட்டிய திரை எப்படித் திறந்தது என்ற கேள்விக்கு விடை பக்கத்து இருக்கைக்காரரிடமிருந்து கிடைத்தது. அவர் தட்டச்சு செய்யும் கடவு எண்ணும் என்னுடைய எண்ணும் ஒன்றே. அந்தத் தளத்தில் இருந்த எல்லா இருக்கைகளுக்கும் அதே எண்ணைத்தான் வைத்திருக்கிறார்கள். இதை மேலாளரிடம் காட்டியபோது, கணினியில் நடப்பதற்கு இருக்கை எடுத்தவரே பொறுப்பு என்றார். கேமரா பதிவைக் கேட்டதற்கு அந்தப் பக்கத்துக் கேமரா வேலை செய்யவில்லை என்றார். தனி எண் என்று அச்சிட்டுக் காசு வாங்கிவிட்டுப் பொது எண்ணைக் கொடுப்பதை நான் அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். அது ஏமாற்று.

ஆகையால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் அந்தக் கணினியில் உட்கார்ந்து கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பட்டியலில் கணினியைப் பூட்டும் வரியும் கடவுச்சொல்லை மாற்றும் வரியும் இருக்க வேண்டும். நிர்வாகி விரும்பினால் இவ்விரண்டையும் மறைத்துவிட முடியும். மறைத்திருந்தால் காரணம் கேளுங்கள். கடவுச்சொல்லை அங்கேயே மாற்றி, பூட்டி, பழைய எண்ணால் திறக்கிறதா என்றும் பாருங்கள். இதற்கு ஒப்பாத இடத்தில் சொந்த மடிக்கணினியில் வேலை செய்வதே பாதுகாப்பு.

சொந்தக் கணினியில் பூட்டுவதற்கு ஒரு நொடி போதும். விண்டோஸில் நான் மேலே சொன்ன இரு விசைகள். உபுண்டு என்ற இயங்குதளத்திலும் பெரும்பாலும் அதே விசைகள்தான். மேக்கில் கன்ட்ரோல், கமாண்ட், கியூ மூன்றும் சேர வேண்டும். சில விசைப்பலகைகளில் விளையாடுவோருக்காக விண்டோஸ் விசையை நிறுத்தி வைக்கும் வசதி உண்டு என்பதால், அழுத்திய பிறகு திரை மாறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டைனமிக் லாக் என்ற ஏற்பாடு இருக்கிறது. புளூடூத்தில் இணைத்த கைப்பேசி தொலைவுக்குப் போனதும் அது கணினியைத் தானே பூட்டிவிடும். ஆனால் அதற்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் பிடிக்கும். வரவேற்பறை அளவுத் தொலைவில் புளூடூத் இணைப்பு அறாமலும் இருக்கலாம். எனவே அதையும், சில நிமிடங்கள் கழித்துத் தானாகப் பூட்டும் அமைப்பையும் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செய்தி அனுப்ப அரை நிமிடம்கூடத் தேவைப்படாது.

வாட்ஸ்அப் வெப்பில் தனியுரிமை அமைப்புகளுக்குள் அதற்கென்று தனிக் கடவுச்சொல் பூட்டு இருக்கிறது. பிறருடைய கணினியில் வேலை செய்வோர் அதைக் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும். இருக்கையைக் காலி செய்யும் நாளில், கைப்பேசியில் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலைத் திறந்து அந்தக் கணினியை நீக்கிவிடுங்கள்.

பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதால், காவல் துறையில் தனிப் புகார் கொடுத்திருக்கிறேன். இடத்தை நடத்துவோர் மீது சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். சுயதொழிலால் பிழைப்போரும் அங்கே வழக்குத் தொடுக்கலாம். சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. அதே போன்ற இடங்களில் பொதுக் கடவு எண்ணால் இழப்பு நேர்ந்தவர்கள் ஒப்பந்தத் தாளையும் வாடகை ரசீதையும் பத்திரப்படுத்தி, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யுங்கள்.