நல்லவன் என்று சொல்லவே இடமில்லாத ஒரு துப்பறிவாளன்: ‘கிஸ் மீ டெட்லி’ டிவிடி

பழைய கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்களில் தனியார் துப்பறிவாளன் என்றால் பெரும்பாலும் ஒரே அச்சுத்தான். வாய் கொஞ்சம் கெட்டது, காசுக்கு வேலை செய்வான், பொலிஸாரோடு ஒத்துவராது. ஆனாலும் உள்ளுக்குள் நேர்மையானவன். படம் முடியும்போது நாம் அவன் பக்கம் நின்றுகொண்டிருப்போம். 1955இல் ரொபர்ட் ஓல்ட்ரிச் இயக்கிய ‘கிஸ் மீ டெட்லி’ தன் துப்பறிவாளன் மைக் ஹாமருக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை. இவன் மோசமான ஆள். அவனுடைய மோசத்தால் யார் யாருக்கு என்ன நடக்கிறது என்பதுதான் படமே. இந்த வகைப் படங்களில் எனக்கு எல்லாவற்றையும் விட இது பிடித்ததற்குக் காரணமும் அதுதான்.

என்னிடம் இருப்பது கிரைட்டீரியன் நிறுவனம் 2011இல் வெளியிட்ட டிவிடி. கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் அக்கா ஊருக்கு வந்தவர்களிடம் கொடுத்தனுப்பினார். வாங்க நினைப்பவர்கள் முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிஸ்க்கும் பிளேயரும் உலகின் எந்தப் பகுதிக்கு உரியவை என்பதற்கு ‘ரீஜன்’ என்று ஒரு எண் உண்டு, இரண்டும் பொருந்த வேண்டும். இது வட அமெரிக்காவுக்கான ரீஜன் 1 டிவிடி. இலங்கை ரீஜன் 5. சாதாரண பிளேயரில் போட்டால் ‘இந்த டிஸ்க் ஓடாது’ என்று திரையில் வந்து நின்றுவிடலாம். எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் கையில் இருந்தால் கவலையில்லை. கணினியில் போட்டுப் பார்ப்பதென்றால் டிரைவின் ரீஜனை மொத்தம் ஐந்து தடவைதான் மாற்ற முடியும், அதனால் யோசித்து மாற்றுங்கள். புளூ-ரே வாங்கினாலும் இதே சிக்கல்தான்: அது A, நம்முடையது C.

நான் திருகோணமலையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் கிளார்க். விவாகரத்து வழக்குகளின் கோவைகள் என் மேசைக்கு வராத வாரமே இல்லை. அதனால் ஹாமரின் தொழில் என்னவென்று படம் சொன்ன இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவன் கொலைகாரர்களைத் தேடிப் பிடிப்பவன் இல்லை. விவாகரத்து வழக்குக்கு ஆதாரம் பிடித்துக் கொடுப்பவன். அதையும் ஒழுங்காகச் செய்வதில்லை. மனைவி கேட்டு வந்தால், தன் செயலாளர் வெல்டாவை அந்தக் கணவனிடம் பழகவிட்டு மாட்டவைப்பான். கணவன் கேட்டு வந்தால் மனைவியை மயக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொள்வான். குற்ற விசாரணைக் குழுவின் அதிகாரிகள் அவனை உட்காரவைத்து இதையெல்லாம் அவன் முகத்துக்கு நேரே வரிசையாகச் சொல்கிறார்கள். அவன் மறுக்கவில்லை. அவன் எழுந்து போனதும், சன்னலைத் திறந்துவிடுங்கள் என்கிறார் ஒருவர்.

இப்படியொரு தொழில் எப்படி நடந்தது என்று இளம் ஆட்களுக்கு விளங்காமல் இருக்கலாம். கலிபோர்னியாவில் 1970 வரும்வரை, ஒருவர் மீது குற்றம் காட்டினால்தான் விவாகரத்து. இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை என்றால் மட்டும் போதாது. யாரோ ஒருவர் தப்புச் செய்திருக்க வேண்டும், அதற்குச் சாட்சி வேண்டும். சட்டம் சாட்சி கேட்டால், சாட்சி தயாரித்து விற்கவும் ஆள் வருவான். நான் தட்டச்சு செய்த வழக்குகளும் குற்றம் காட்ட வேண்டியவைதான்: துணையை வேண்டுமென்றே விட்டுப்போனது, வேறொருவரோடு உறவு வைத்தது என்று. வாசலுக்கு வெளியே நின்று யாரோ எடுத்த ஒரு படம் கோவைக்குள் வந்தபிறகு அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள் எப்படித் தலைகுனிந்து நீதிமன்ற வராந்தாவில் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஹாமரைக் கதாநாயகன் என்று என்னால் ஒருபோதும் நினைக்க முடியாது. படம் என்னை அப்படி நினைக்கச் சொல்லவும் இல்லை என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

தொடக்கக் காட்சியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இரவு நேரத் தெருவில் ஒரு பெண் வெறுங்காலோடு ஓடிவருகிறாள். உடம்பில் ஒரு மழைக்கோட்டு மட்டும். கடந்துபோகும் கார்கள் எதுவும் நிற்கவில்லை. கடைசியில் கைகளை விரித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றுவிடுகிறாள். ஹாமரின் ஜாகுவார் கிறீச்சிட்டு ஓரமாக ஒதுங்குகிறது. சாகக் கிடந்த பெண்ணைப் பார்த்து அவனுக்கு முதலில் வருவது, கார் பழுதாகியிருக்குமே என்ற எரிச்சல். அவளை ஏற்றிக்கொள்கிறான். வானொலியில் நாட் கிங் கோல் பாடுகிறார். பாட்டுக்கு அடியில் அவளுடைய மூச்சிரைப்பும் விம்மலும் நிற்காமல் கேட்கின்றன. அதன்மேல் எழுத்துகள் ஓடுகின்றன, அதுவும் தலைகீழ் வரிசையில், மேலிருந்து கீழாக. படத்தின் பெயரைக்கூடக் கீழ்வரியிலிருந்து மேல்வரிக்குத்தான் வாசிக்க வேண்டும். இந்த ஊரில் எல்லாம் புரண்டு கிடக்கிறது என்பதை ஓல்ட்ரிச் எழுத்தோட்டத்திலேயே சொல்லிவிடுகிறார்.

அந்தப் பெண் கிறிஸ்டினா. நடித்தவர் குளோரிஸ் லீச்மன். பெரிய வேடம் என்று அவருக்கு இதுதான் முதல் படம். காரில் போகும்போது அவள் ஹாமரைப் பார்த்துச் சொல்வதைக் கவனியுங்கள். தன் உடுப்பு, தன் கார், தன் உடம்பு, இவை தவிர வேறு நினைப்பே இல்லாத ஆண்களில் நீயும் ஒருவன் என்கிறாள். இருட்டில், பக்கத்து இருக்கையில், சில நிமிடப் பழக்கத்தில் அவனை முழுதாகப் படித்துவிடுகிறாள். பேருந்து நிறுத்தத்துக்குப் போய்ச் சேராவிட்டால் என்னை நினைவில் வைத்திரு என்றும் கேட்கிறாள். போய்ச் சேரவில்லை. அவளைச் சித்திரவதை செய்யும் காட்சியில் முகம் காட்டப்படுவதில்லை. கட்டிலிலிருந்து தொங்கும் இரண்டு கால்கள், ஒரு அலறல், பிறகு கால்கள் அசையாமல் போகின்றன. அவ்வளவுதான். இப்போதைய படங்களில் ரத்தம் வாளி வாளியாக ஊற்றுகிறார்கள், எனக்கு எதுவும் ஆவதில்லை. அந்தக் கால்களை மட்டும் மறக்க முடியவில்லை.

அவளைக் கொன்றவர்களை ஹாமர் தேடிப் போகிறான், சரி. ஆனால் நியாயத்துக்காகப் போவதில்லை. பெரிய ஆட்கள் சம்பந்தப்பட்டிருந்தால் பெரிய காசு இருக்கும் என்று மூக்கில் வியர்த்துவிட்டது. அப்புறம் ஒரே அடிதடி. ஒரு பாடகரிடம் தகவல் வாங்க, அவர் உயிராகப் பாதுகாக்கும், ஒபரா பாடகர் கருசோவின் இசைத்தட்டை இரண்டாக உடைக்கிறான். பிணவறைக் காட்சி இன்னும் மோசம். கிறிஸ்டினா சாகுமுன் விழுங்கிய சாவியை டொக்டர் எடுத்து வைத்திருக்கிறார். அதிகக் காசு கேட்டு, சாவியைத் திரும்ப மேசை இழுப்பறைக்குள் போடுகிறார். ஹாமர் அந்தக் கையின்மேல் இழுப்பறையை அறைந்து மூடி, அழுத்திக்கொண்டே நிற்கிறான். டொக்டர் கதறுகிறார். கமரா ஹாமரின் முகத்துக்குப் போகிறது. அவன் சிரித்துக்கொண்டிருக்கிறான். ஹாமராக நடித்த ரால்ஃப் மீக்கர் அந்தச் சிரிப்பைச் சின்னதாக, ருசித்துச் சாப்பிடுகிறவனுடைய சிரிப்பாக வைத்திருக்கிறார். அவர் பெரிய நட்சத்திரமாக வராமல் போனது எனக்குக் கவலை. இப்படித் தன்னைப் பார்வையாளர் வெறுக்கட்டும் என்று துணிந்து நடிப்பவர்கள் குறைவு.

மிக்கி ஸ்பிலேனின் நாவலில் இதே ஹாமர்தான் வீரன். கதை நடப்பது நியூயோர்க்கில், பின்னால் இருப்பது போதைப்பொருள் கும்பல். திரைக்கதை எழுதிய ஏ. ஐ. பெசரிடஸுக்கு அந்த நாவல்மேல் மதிப்பே இல்லை, அதைப் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். கதையை லொஸ் ஏஞ்சல்ஸுக்குத் தூக்கிவந்து, போதைப்பொருளுக்குப் பதிலாக ஒரு பெட்டியை வைத்தார். தோல்வார் போட்ட, தொட்டால் சுடுகிற பெட்டி. ஹாமர் மூடியைக் கொஞ்சம் தூக்கியதும் உள்ளேயிருந்து வெளிச்சமும், உறுமல் மாதிரி ஒரு சத்தமும் வெளியே வருகின்றன. அவன் மணிக்கட்டு வெந்துவிடுகிறது. அது என்ன என்று பொலிஸ் நண்பன் விளக்கம் சொல்வதில்லை. மன்ஹாட்டன் திட்டம், லொஸ் அலமோஸ், டிரினிட்டி என்று, அமெரிக்கா அணுகுண்டு செய்த கதையின் மூன்று பெயர்களை மட்டும் சொல்கிறான். ஹிரோஷிமா நடந்து பத்து வருடம் ஆன சனத்துக்கு அது போதும். எனக்குத் தெரியாது என்கிறான் ஹாமர். தெரிந்திருந்தால் மட்டும் வேறு மாதிரி நடந்திருப்பாயா என்று நண்பன் கேட்கிறான். ஹாமரிடம் பதில் இல்லை.

இந்தப் படம் வந்த வருடத்தில் நம் துறைமுகம் இன்னும் பிரித்தானியக் கடற்படையிடம்தான் இருந்தது, கைமாறியது 1957இல். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டபோது சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்த கதையைக் கேட்டு வளராத பிள்ளை இந்த ஊரில் இல்லை. தூரத்தில் யாரோ போடும் சண்டைக்கான சாமானை நம் வளவுக்குள் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும் என்பது எங்களுக்குப் படம் பார்த்துத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. அதனால்தானோ என்னவோ, அந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசத் துடிக்கும் ஆட்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

வெல்டாவாக வரும் மாக்ஸின் கூப்பரையும் சொல்லாமல் விட முடியாது. ஹாமரை உண்மையாக விரும்புகிற ஒருத்தி, அவன் சொல்லும் கேவலமான வேலைகளைச் செய்து களைத்துப்போனவள். சின்ன நூலைப் பிடித்துக்கொண்டு போனால் அது கயிறாகும், கடைசியில் அந்தக் கயிற்றில்தான் கழுத்து தொங்கும் என்று அவனை எச்சரிப்பவள் அவள்தான். இருந்தும் போகிறான். அவனுக்காக ஓடித்திரியும் கார் மெக்கானிக் நிக்கும் அதற்கு விலை கொடுக்கிறான்: காருக்கு அடியில் படுத்து வேலை செய்யும்போது ஜாக்கை யாரோ இறக்கிவிடுகிறார்கள். அங்கேயும் கொலையாளியின் சப்பாத்து மட்டும்தான் தெரிகிறது. ஒளிப்பதிவாளர் எர்னஸ்ட் லாஸ்லோ தரைமட்டத்தில் கமராவை வைத்து எடுத்த இடங்கள் எல்லாம் பயங்கரம்.

இனி முடிவைப் பற்றிப் பேசப்போகிறேன்; படம் பார்க்காதவர்கள் அடுத்த பந்தியைத் தாண்டிவிடுங்கள்.

கடற்கரை வீட்டில் பெட்டி முழுதாகத் திறக்கப்படுகிறது, திறந்தவள் தீப்பிடிக்கிறாள், வீடு வெடிக்கிறது. பல வருடங்களாகத் திரையிட்ட பிரதிகளில் இதோடு ‘முற்றும்’ போட்டுவிடுவார்கள். ஹாமரும் வெல்டாவும் உள்ளேயே செத்தார்கள் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் ஓல்ட்ரிச் எடுத்த முடிவு அதுவல்ல. சூடுபட்ட ஹாமரும் வெல்டாவும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு வெளியே வந்து கடல் அலைக்குள் இறங்குகிறார்கள், பின்னால் வீடு எரிகிறது. விடுபட்டிருந்த அந்த ஒரு நிமிடச் சொச்சம் 1997இல்தான் திரும்பச் சேர்க்கப்பட்டது. இந்த டிவிடியில் முழு முடிவு படத்தோடும், வெட்டப்பட்ட முடிவு தனியாகவும் இருக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். செத்துப்போனால் தண்டனை முடிந்துவிடும். உயிரோடு தண்ணீரில் நின்று தான் தேடிப்போனது என்னவென்று பார்க்கிற ஹாமருக்கு அந்தச் சலுகையும் இல்லை. எனக்கு முழு முடிவுதான் கடுமையாகப் பட்டது.

குறைகளும் உண்டு. இடைப்பகுதியில் செத்தவர்களின் பெயர்கள் குவிந்து, யார் யாருக்கு என்ன உறவு என்று தலை சுற்றும். நிக்கின் கூச்சல் கொஞ்ச நேரத்தில் அலுத்துவிடும். சப்டைட்டில் ஆங்கிலத்தில் மட்டும்தான், அதுவும் வேகமாக ஓடுகிறது. தமிழில் மட்டும் பார்த்துப் பழகிய என் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது.

படத்தின் தரம் பற்றிக் கேட்டால், கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கிறது, அது போதும். மாடிப்படி நிழல்கள், ஹாமர் வீட்டுச் சுவரில் பதித்த பெரிய ரீல் நாடாக்கள் சுற்றும் ரெலிபோன் பதிவு இயந்திரம், எல்லாம் துல்லியம். கூப்பிடுகிறவரின் குரலை அந்த இயந்திரம் பதியவிட்டு, அவன் எடுக்காமல் நின்று கேட்பதைப் பாருங்கள். அவன் குணம் முழுவதும் அதில் தெரிகிறது. கூடவே இந்த வகைப் படங்களைப் பற்றி எழுதும் அலைன் சில்வர், ஜேம்ஸ் உர்சினி இருவரின் குரல் விளக்கமும், படம் பிடித்த இடங்கள் பற்றிய பகுதியும் உண்டு. லொஸ் ஏஞ்சல்ஸில் படம் பிடித்த, பங்கர் ஹில் என்ற அந்தப் பழைய மரவீட்டுப் பகுதி பின்னாளில் இடிக்கப்பட்டுவிட்டது. டிவிடியோடு வரும் சின்னப் புத்தகத்தில் 1955இல் ஓல்ட்ரிச் தன் படத்துக்காக வாதாடி எழுதிய கட்டுரையை மறக்காமல் வாசியுங்கள்.

106 நிமிடப் படம். பள்ளிப் பிள்ளைகள் தூங்கிய பிறகு போடுங்கள். திருகோணமலையில் இருந்துகொண்டு ரீஜன் பிரச்சினையால் தயங்குகிறவர்கள் என்னிடம் கேட்கலாம். பிளேயரையும் சேர்த்தே தருவேன்.