கேப் ஃபியர் ஆற்றுக் குடிநீர்: வீட்டுக்குக் கரி வடிகட்டியா, ஆர்ஓவா?

அமெரிக்காவின் வட கரோலினாவில், கேப் ஃபியர் ஆற்று நீரைக் குடிக்கும் வில்மிங்டன் நகரத்தாரில் பெரும்பாலோர் ஜென்எக்ஸ் என்ற பெயரை முதலில் கேட்டது 2017 ஜூனில்தான். ஃபேயட்வில் அருகே உள்ள கெமூர்ஸ் ஆலையிலிருந்து பல ஆண்டுகள் ஆற்றில் கலந்த இந்த ஃபுளூரின் சேர்மம், கொதிக்கவைத்தாலும் நீரை விட்டு நீங்காது. நகரின் சுவீனி சுத்திகரிப்பு நிலையம் 2022 அக்டோபர் முதல் பெரிய கரி வடிகட்டிகளை இயக்குவதால் நிலைமை வெகுவாகத் தேறியிருக்கிறது. ஆனாலும் 2024-இல் குடிநீரில் ஜென்எக்ஸுக்கு லிட்டருக்கு 10 நானோகிராம் என வரம்பு விதித்த மத்தியச் சுற்றுச்சூழல் முகமை, மறு ஆண்டே அதைத் திரும்பப் பெறும் எண்ணத்தை அறிவித்ததால், குழந்தைக்குப் பால்மாவு கரைக்கும் நீருக்கு வீட்டிலும் ஒரு காப்பு வேண்டும் என்று முடிவு செய்தோம்.

விலையிலும் பொருத்தும் எளிமையிலும் கரி வடிகட்டியே மேல், அதில் விவாதமில்லை. நாங்கள் தேர்ந்தெடுத்ததோ, நுண்துளைச் சவ்வின் ஊடே நீரை அழுத்தி வடிக்கும், சமையலறைத் தொட்டியின் அடியில் பொருத்தும் ஆர்ஓ. டியூக், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஆர்ஓ கருவிகள் இவ்வகைச் சேர்மங்களில் 94 விழுக்காட்டுக்கு மேல் நீக்கின. கரி வடிகட்டிகளின் சராசரியோ சுமார் 73 விழுக்காடுதான், அதுவும் வீட்டுக்கு வீடு மாறியது.

எனினும் என் முடிவைத் தீர்மானித்தது அந்தச் சராசரி அன்று, பராமரிப்பே. கரி இச்சேர்மங்களைத் தன் மேற்பரப்பில் பிடித்துவைக்கிறது. இடம் நிரம்பியதும் ஜென்எக்ஸ் போன்ற சிறிய மூலக்கூறுகளே முதலில் நழுவிச் செல்கின்றன. அப்போதும் குளோரின் வாடை நீங்கி நீர் சுவையாகவே இருப்பதால், கரி செயலிழந்ததை நாக்கு சொல்லாது; விலை மிகுந்த ஆய்வகப் பரிசோதனைதான் சொல்லும். நாள் கடந்த கரி, முன்பு பிடித்துவைத்ததைத் திரும்ப நீரிலேயே விடவும் கூடும். ஆர்ஓவில் சவ்வு பழுதானால் உப்பும் கசியும். ஆகவே நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும், நம்மூர் வீடுகளில் பயன்படும் அதே டிடிஎஸ் மீட்டரைக் குழாய் நீரிலும் வடிகட்டிய நீரிலும் மாறி மாறி நனைத்து, இரண்டு எண்களுக்கும் இடையிலான இடைவெளி குறைகிறதா என்று பார்க்கலாம். மீட்டர் ஜென்எக்ஸை நேரடியாக அளப்பதில்லை என்றாலும், சவ்வின் நிலையைக் காட்டும். எங்கள் சவ்வுக்கு இன்னும் மாற்றும் காலம் வரவில்லை. ஆதலால் அந்தச் செலவைப் பற்றி அனுபவத்தால் சொல்ல இயலவில்லை.

ஆர்ஓவின் பெருங்குறை கழிவுநீர். சவ்வு தடுத்த சேர்மம் அழிவதில்லை. சாக்கடை வழியே மறுபடி ஆற்றுக்கே போகிறது. இது என்னை உறுத்துகிறது. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் அந்நீரை எடுப்பதால் அளவு குறைகிறது, அவ்வளவுதான்.

தொட்டியின் அடியில் கைவைக்க வீட்டுக்காரர் சம்மதிக்காத வாடகை வீடுகளுக்குக் கரி ஜாடியே வழி. அதை வாங்குவோர், இவ்வகைச் சேர்மங்களை நீக்குவதற்கென்றே என்எஸ்எஃப் 53 என்ற குடிநீர் வடிகட்டித் தரச்சான்று பெற்றதா என்று பார்த்து வாங்கி, உறையில் அச்சிட்ட அளவை எட்டும் முன்பே கரியை மாற்றிவிடுவது நல்லது.