பழைய போர்டு, புது கார்டு, நடுவுல யுபிஎஸ்

குடியாத்தத்துல இருக்கிற சித்தி பையன் போன வாரம் கேட்டான்: "அண்ணா, ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு செகண்ட் ஹேண்ட்ல விலை இறங்கியிருக்கு, என் பழைய பிசில போட்டுக்கவா?" அவன்கிட்டயும் என் பழைய செட்டப்தான்: ரைசன் 5 1600 ப்ராசஸர், பி350 மதர்போர்டு, எட்டு ஜிபி ஒத்த ராம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு. நான் இதையெல்லாம் மாத்தி ஒரு முழுக் கோடையும் தாண்டிட்டேன். ஃபோன்ல பாதிதான் சொன்னேன், மீதி இங்கே.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். ஏஎம்4 சாக்கெட் (போர்டுல ப்ராசஸர் உட்கார்ற இடம்) மாதிரி கையில காசு குறைஞ்சவங்களுக்கு உதவின பொருள் வேற இல்ல. 2017ல வந்த போர்டு வகையில 2022ல வந்த ரைசன் 5 5600 போய் உட்காருது. அந்த வருஷம்தான் பி350 மாதிரி 300 சீரிஸ் போர்டுகளுக்கும் அதை ஏத்துக்கிற பயாஸ் (போர்டுக்குள்ளேயே இருந்து பிசியைக் கிளப்புற மென்பொருள்) விட்டாங்க. போர்டு மாத்தல, இருந்த ராமைத் தூக்கிப் போடல. விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது. 1600 ப்ராசஸர் விண்டோஸ் 11 ஏத்துக்கிற பட்டியல்லயே கிடையாது, 5600 இருக்கு. இந்த ஒரு காரணத்துக்கே மாத்தலாம். கொஞ்சம் காசு மிச்சமாகுதேன்னு 5500 பக்கம் போகாதீங்க. அதுல எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ள இருக்கிற வேகமான நினைவகம்) 16 எம்பி, 5600ல 32. கேம்ல அது தெரியும்.

பயாஸை மட்டும் பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே ஏத்திடணும். கழட்டின பிறகுன்னா பெரும்பாலான பழைய போர்டுல ஸ்கிரீனே வராது. சில போர்டு நேரா கடைசி வெர்ஷனுக்குத் தாவாது, நடுவுல ஒண்ணு ஏத்தச் சொல்லும். எவ்வளவு ஏறிச்சுன்னு காட்டுற கோடு ஸ்கிரீன்ல நகர்ந்துட்டு இருக்கும்போது கரண்ட் போனா போர்டு போச்சு. சத்துவாச்சாரில சாயந்திரம் ஆனா தெருவே ஏசி போடும், வோல்டேஜ் இறங்கி யுபிஎஸ்ல ரிலே டக்கு டக்குனு அடிச்சுக்கிட்டே கிடக்கும். நான் விடியக்காலைல எழுந்து ஏத்தினேன். தொண்ணூறு சதவீதம் தாண்டினதும் கோடு அசையாம நின்னுச்சு பாருங்க, அப்போ வீட்ல யாரும் ஒரு சுவிட்சைத் தொடக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்.

ஒத்த ராமுக்குத் துணையா இன்னொரு எட்டு ஜிபி போட்டதுல சண்டை நடுவுல திக்கித் திக்கி நின்னது அப்படியே போயிடுச்சு. டூயல் சேனலோட (ரெண்டு ராமும் சேர்ந்து வேலை செய்யறதோட) அருமை ஆவரேஜ் எஃப்பிஎஸ்ல, அதாவது ஒரு செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்ங்கிற கணக்குல தெரியாது, அந்தத் திக்கல் போறதுலதான் தெரியும். பயாஸ்ல எக்ஸ்எம்பியை (ராமை அதோட முழு வேகத்துல ஓட்டுற செட்டிங்) ஆன் பண்ண மறக்காதீங்க, இல்லாட்டி 3200 ராம் 2133லயோ 2400லயோ ஓடிட்டுக் கிடக்கும். 2025 கடைசில ராம் விலை ஏறின ஏத்தத்துக்கு முன்னாடியே வாங்கிட்டேன், அது என் அதிர்ஷ்டம்.

கார்டு காட்பாடில கிடைச்சது. படிப்பு முடிச்சு ஊருக்குக் கிளம்புற பசங்க மூட்டை கட்டும்போது நல்ல பொருளை நல்ல விலைக்குத் தருவாங்க. கார்டோட மெமரி நாலு ஜிபில இருந்து எட்டு ஜிபி. பி350ல கார்டு மாட்டுற ஸ்லாட் பழைய பிசிஐஇ 3.0தான், அதனால சின்ன இழப்பு உண்டு. 1080பில நான் அதைப் பெருசா உணரல. டெக்ஸ்சரை ஹைல வச்சு ஓட்டின முதல் ராத்திரி, ஏற்கெனவே முடிச்ச கேமையே திரும்ப ஆரம்பத்துல இருந்து ஆடினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்த கார்டு அது.

எரிச்சல் எங்கேன்னா, யுபிஎஸ்ல. 1050 டிஐ 75 வாட். 6600 கார்டு 132. என்கிட்ட இருக்கிறது எல்லார் வீட்லயும் இருக்கிற 600 விஏ யுபிஎஸ், கொடுக்கக்கூடியது சுமார் 360 வாட். கேம் ஓடும்போது மானிட்டரோட சேர்த்து 250 பக்கம் வரும்னு வச்சாலும் கணக்குல தாராளமா இடம் இருக்கு. ஆனா கேம் நடுவுல கரண்ட் போச்சுன்னா ஒரு 'டக்', ஒரு நீள பீப், மொத்தமும் இருட்டு. பேட்டரி புதுசு மாத்தியும் அதேதான். சும்மா பாட்டு கேட்டுட்டு இருக்கும்போது போனா மட்டும் தாங்குது.

விலை குறைஞ்ச யுபிஎஸ் பேட்டரிக்கு மாறினதும் கொடுக்கிறது சுத்தமான சைன் வேவ் இல்ல, படிப்படியா வெட்டின அலை. இப்போ வர்ற நல்ல எஸ்எம்பிஎஸ் (பிசிக்குள்ள இருக்கிற பவர் சப்ளை) எல்லாம் ஆக்டிவ் பிஎஃப்சி, அதாவது கரண்டை சைன் வேவ் மாதிரியே சீரா இழுக்கப் பார்க்கிற வகை. வெட்டின அலையில வோல்டேஜ் பூஜ்யமா நிக்கிற இடத்தைத் தாண்டினதும் அது வெடுக்குனு இழுக்கும். லோடு ஏற ஏற இழுப்பும் ஏறும். யுபிஎஸ் அதை ஓவர்லோடுன்னு எடுத்துக்கிட்டு கையை விரிச்சிடும். தனித்தனியா ரெண்டும் நல்ல பொருள்தான், அதை ஒத்துக்கறேன். சேர்த்தா இப்படி ஆகும்னு பாக்ஸ்லயும் பெருசா போடலாம், கடைலயும் ஒரு வார்த்தை சொல்லலாம். "600 விஏ தாராளம் சார்"னு சொல்லித்தான் விக்கிறாங்க.

வீட்டு இன்வெர்ட்டர் சைன் வேவ்தான். பின்னாடி இருக்கிற சுவிட்சை யுபிஎஸ் மோடுல வச்சா பிசி அசையாம நிக்குது. ஆனா கேம் இழுக்கிற கரண்ட்ல மூணு சீலிங் ஃபேன் ஓடும். கத்திரி வெயில்ல ராத்திரி கரண்ட் போனா வேலூர்ல ஃபேன் இல்லாம ஒரு நிமிஷம் படுக்க முடியாது. அப்பாவும் அம்மாவும் தூங்கற காத்தை எடுத்து நான் கேம் ஆடறதா? பிளக்கைத் திரும்ப எடுத்துட்டேன்.

இப்போதைக்கு ஓட்டறது இப்படி: ரேடியான் சில்னு கார்டோட மென்பொருள்ல இருக்கிற வசதியைப் போட்டு 60 ஃப்ரேம்ல கட்டிட்டேன், கார்டு வோல்டேஜையும் கொஞ்சம் இறக்கியாச்சு. இழுப்பு நல்லாவே குறையுது, யுபிஎஸ் பெரும்பாலும் தாங்குது, ஃபேன் சத்தமும் அடங்கிடுச்சு. இருந்தாலும் முழுசா ஓட வேண்டிய கார்டை ஒரு யுபிஎஸ்சுக்காக கட்டிப்போட்டு ஓட்டறது ஒவ்வொரு தடவையும் உறுத்துது. சைன் வேவ் யுபிஎஸ் விலை கேட்டா, கார்டு விலைக்குப் பக்கத்துல வந்து நிக்குது.

அதனால தம்பி, கார்டு வேணாம். 5600 வாங்கு, ரெண்டாவது ராம் போடு, இன்னும் ஹார்ட் டிஸ்க்லதான் விண்டோஸ் இருக்குன்னா ஒரு சாட்டா எஸ்எஸ்டி போடு. கார்டுக்கு வச்சிருக்கிற காசு யுபிஎஸ்சுக்குப் போகட்டும். 1050 டிஐ இன்னும் கொஞ்ச நாள் ஓடும். இதையும் மீறி வாங்கத்தான் போறேன்னா, உன் எஸ்எம்பிஎஸ்ல கார்டுக்குக் கரண்ட் கொடுக்கிற எட்டு பின் வயர் இருக்கான்னு பார்த்துட்டுக் காசைக் கொடு. அதுக்குப் பதிலா பழைய மோலக்ஸ் வயர்ல கன்வெர்ட்டர் மாட்டி ஓட்டிட்டு, கருகிப்போச்சுன்னு என்கிட்ட வராதே.